விசிறியை மாற்றினால் வியாதி தீருமா?

பழைய லாரி ஒன்றை வாங்கி, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, விடுமுறை நாட்களில் ஓட்டிப் பெருமைப்படுவது அமெரிக்காவில் பலருக்குத் தீராத மோகம். 1954-ஆம் வருஷத்துச் செவர்லே 3100, 1956-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-100 போன்ற பிக்கப் லாரிகளை அங்கே கோவில் தேர் மாதிரி பேணுகிறார்கள். அந்த மோகத்தை நான் பழிக்கவில்லை. பழையதைக் காப்பாற்ற நினைப்பது நல்ல குணந்தான். ஆனால், அவர்களிடையே பரவியிருக்கும் ஒரு வைத்தியத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. என்ஜின் சூடேறுகிறதா? பெல்ட்டில் சுற்றும் விசிறியைக் கழற்றி எறி. மின்சார விசிறியை மாட்டு! இதுதான் அந்த வைத்தியம்.

கதை எழுதுகிறவனுக்கு ரேடியேட்டரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைத் தேடாமல் பரிகாரத்தை விலைக்கு வாங்கும் புத்தி எங்கே தலைகாட்டினாலும் அதைப் பற்றிப் பேச எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. தலையணையை மாற்றினால் தலைவலி போகாது.

முதலில் எதிர்க்கட்சிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். பழைய விசிறி என்ஜினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்டது. என்ஜின் விரைந்தால் அதுவும் விரையும். என்ஜின் சோம்பினால் அதுவும் சோம்பும். லாரி சாலையில் வேகமாய் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நெரிசலில் சிக்கி நிற்கும்போதுதான் விசிறி அவசியம். அப்போதோ அது தூங்கி வழிகிறது. மின்சார விசிறிக்கு இந்தத் தோஷம் கிடையாது. என்ஜின் மெதுவாய் ஓடினாலும் அது முழு வேகத்தில் காற்றை இழுக்கும்.

ஆகவே சோதனை வெகு சுலபம். நிற்கும்போது கொதித்து, ஓடும்போது குளிர்கிறதா? காற்றுப் பஞ்சம், விசிறி உதவும். நிற்கும்போது சரியாக இருந்து, 50 மைல் வேகத்தில் கொதிக்கிறதா? குற்றவாளி விசிறி அல்ல. எழுபது வருஷத்துச் சுண்ணாம்பும் துருவும் ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருக்கும். தண்ணீர்ப் பம்பு தேய்ந்திருக்கும். இக்னிஷன் டைமிங் பிசகியிருக்கும். கீழ்க்குழாயின் ரப்பர் தளர்ந்து, பம்பு உறிஞ்சும்போது சப்பிப் போய் வழியை மறிக்கும். இவற்றில் ஒன்றையும் பாராமல் விசிறியை மாற்றுகிறவன் நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிறவனுக்கு அண்ணன்.

விற்பவர்கள் இன்னோர் ஆசையும் காட்டுகிறார்கள். குதிரைச் சக்தி மிச்சமாகுமாம்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? 30 ஆம்பியர் இழுக்கும் விசிறி 12 வோல்ட்டில் 360 வாட் தின்கிறது. ஏறக்குறைய அரைக் குதிரைச் சக்தி. அந்த மின்சாரத்தை உண்டாக்கும் யந்திரத்தைச் சுற்றுவதும் அதே என்ஜின்தானே? பெல்ட் விசிறி அதிவேகத்தில் இதைவிட அதிகம் விழுங்கும் என்பது மெய். சுழலும் வேகம் இரட்டித்தால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும். ஆனால், ஊர்வலத்தில் உருட்டுவதற்கு வைத்திருக்கும் கிழட்டு லாரிக்குப் பந்தயக் குதிரையின் கணக்கு எதற்கு?

மின்சாரம் எங்கிருந்து வரும் என்றாவது யோசிக்கிறார்களா? 1954-ஆம் வருஷத்துச் செவர்லேயில் இருப்பது 6 வோல்ட். கடை விசிறியோ பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானது. 12 வோல்ட் லாரியானாலும், அந்நாளைய ஜெனரேட்டர் என்ஜின் சோம்பும் நேரத்தில் அநேகமாய் ஒன்றும் தராது. விசிறி மிகவும் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான்! குருவி தலையில் பனங்காய். சுமை முழுவதையும் பாட்டரி தாங்கி, வற்றிப்போகும். தக்க ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தாமல் விசிறியைப் பற்றிப் பேசுவதே வீண்.

இவையெல்லாம் பண நஷ்டம் என்று விட்டுவிடலாம். எனக்குக் கோபமூட்டுவது ஒயர் வேலை. கைக்குக் கிடைத்த மெல்லிய கம்பியை எடுத்து, பழைய சாவி ஸ்விச்சில் ஒரு முனையையும் விசிறியில் மறு முனையையும் முறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். விசிறி கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ரப்பர் மேல் துணி சுற்றி, காலத்தால் இற்றுப்போன கம்பி அதைத் தாங்குமா? கம்பி காயும், உறை உருகும், பியூஸ் இல்லையென்றால் தீப்பிடிக்கும். அதோடு இன்னொன்று: 1949 முதல் அந்தச் செவர்லே லாரிகளில் பெட்ரோல் டாங்க் காபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. பேரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி ஊர்வலம் போகும் பெரியவர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

நேரான வழி ரகசியம் அல்ல. பாட்டரியிலிருந்து கனத்த கம்பி, பாட்டரியை ஒட்டியே பியூஸ், நடுவே ரிலே. ஸ்விச்சும் சூட்டை அறியும் கருவியும் ரிலேயை மட்டும் தூண்ட வேண்டும். பெரும் மின்சாரம் அவற்றின் வழியே போகக் கூடாது. தெர்மாஸ்டாட் திறக்கும் சூட்டுக்குச் சற்று மேலேதான் விசிறி கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் அது ஓயாது. ரேடியேட்டரின் மென்மையான தகடுகளுக்குள் பிளாஸ்டிக் நாடாவை நுழைத்து விசிறியைக் கட்டக் கூடாது. அதிர்வில் உராய்ந்து ஓட்டை விழும். இரும்புச் சட்டத்தில் பொருத்தி, காற்று பக்கவாட்டில் நழுவாதபடி கூண்டும் போட வேண்டும்.

அரிஸோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜூலை மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், நடைவேகத்தில் லாரி ஓட்டுகிறவருக்கு மின்சார விசிறி தேவையாக இருக்கலாம். அவர் தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் ரேடியேட்டரைக் கழுவட்டும், ஆல்டர்னேட்டரை மாற்றட்டும், பியூஸை மறக்காமல் போடட்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பழைய பெல்ட் விசிறியையே விட்டுவைக்கலாம். அதனால் கம்பி எரிந்ததாக ஒருவரும் புகார் சொல்ல முடியாது.