பூனைக்கு மணி கட்டிய கதை

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வி மிகப் பழையது. எலிகள் மகாநாடு கூடித் தீர்மானமும் நிறைவேற்றின. மணியைக் கட்ட முன்வந்த எலிதான் ஒன்றுமில்லை. நம் ஊர்க் கூட்டங்கள் பலவற்றின் முடிவும் இதுவே ஆதலால், அக்கதை நமக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று. இக்காலத்திலோ எலிகளுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. மனிதனே பூனைக்கு மணி கட்டத் தொடங்கிவிட்டான். அது ஓசை எழுப்பும் மணியன்று. பூனை எங்கே நிற்கிறது என்பதைக் கைத்தொலைபேசியில் ஒரு புள்ளியாகக் காட்டும் கழுத்துப்பட்டி. அத்தகைய பட்டி ஒன்று வன்னியில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும், அதனால் அவ்வீட்டார் கற்றுக்கொண்டதையும் இவ்வாரம் வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், என் தமக்கையார் குடும்பம் வாழ்கிறது. முன்னால் வீதி, பின்னால் வளவு, வளவின் எல்லையில் ஒரு சிறு குளம், குளக்கட்டுக்கு அப்பால் பற்றைக்காடு. அவ்வீட்டில் சாம்பன் என்றொரு கடுவன் பூனை உண்டு. பகலெல்லாம் அடுப்படியில் துயில்வதும், பொழுது மங்கியதும் குளக்கட்டைக் கடந்து மறைவதும், விடியற்காலையில் ஒன்றும் அறியாததுபோல் வந்து பால் கேட்பதுமே அதன் தொழில். அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் வறுமை என்று பொருள் கொள்வர். தமக்கையார் வீட்டு அடுப்போ நாள்தோறும் எரிகிறது. பூனைதான் அதன் வெம்மையை விட்டு அகல்வதில்லை.

ஒருமுறை சாம்பன் மூன்று நாட்கள் வீடு திரும்பவில்லை. பத்து வயது மருமகன் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். இச்செய்தி கனடாவிலுள்ள அவனுடைய பெரியப்பாவுக்கு எட்டியது. பூனை நான்காம் நாள் தானாகவே வந்துவிட்டது. ஆயினும் அடுத்த மாதம் கனடாவிலிருந்து ஒரு பொதியும் வந்தது. அதனுள் இருந்ததுதான் இந்தக் கழுத்துப்பட்டி.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுற்றி வருகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பட்டியிலுள்ள கருவி ஒரே நேரத்தில் கேட்டு, அவை வந்து சேர எடுத்த நேரத்தைக்கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. செய்மதி பூனையைப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது தவறு. செய்மதி பேசுகிறது, கருவி கேட்கிறது, அவ்வளவே. கணக்கிட்ட இடத்தை நமக்கு அறிவிப்பது அதனுள் இருக்கும் சிம் அட்டை. ஆகவே, தொலைபேசி அலை எட்டாத காட்டில் பூனை புகுந்தால் புள்ளியும் நின்றுவிடும். அடர்ந்த மரங்களின் கீழ் அது பல மீற்றர் தள்ளியும் காட்டக்கூடும். சாவிக்கொத்தில் கோக்கும் சிறு வில்லைகள் வேறொரு வகை. புளூடூத் முறையில் இயங்கும் அவை, அருகில் செல்லும் பிறருடைய கைத்தொலைபேசிகள் மூலமாகவே செய்தி அனுப்புவன. சனநெருக்கமுள்ள கொழும்பில் அவை பயன்படலாம். மயிலும் உடும்பும் மட்டுமே நடமாடும் பற்றைக்குள் அவை ஊமைகளே.

பட்டியைப் பூட்டிய முதல் வாரம் வீடே கலகலப்பாக இருந்தது. பசியோடு அலைவதாக எல்லோரும் இரங்கிய சாம்பன், அயல்வீட்டு அடுப்படியில் நாள்தோறும் இரண்டாவது விருந்து உண்பது வெளியாயிற்று. இதில் நம் பூனை மட்டும் குற்றவாளியன்று. 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சறே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பி.பி.ஸி. நிறுவனத்தார் ஐம்பது பூனைகளுக்கு இவ்வாறு பட்டி கட்டிப் பார்த்தபோது, அவற்றுட் சிலவும் பிறர் வீடு புகுந்து உண்டமை தெரியவந்தது. அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து உள்ளிட்ட ஆறு நாடுகளில் 925 வீட்டுப் பூனைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தோர் 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து நூறு மீற்றருக்குள்ளேயே தம் காலத்தைக் கழித்தனவாம். காணாமற்போன பூனையைத் தேடுவோர் தொலைதூரம் ஓடுமுன் அயல்வீட்டுக் கொட்டிலைப் பார்ப்பது நலம்.

ஆனால், நூறு மீற்றர் என்பது எல்லா ஊரிலும் ஒன்றன்று. இங்கிலாந்துக் கிராமத்தில் நூறு மீற்றருக்குள் மற்றொரு பூந்தோட்டம் இருக்கும். தமக்கையார் வீட்டிலிருந்து நூறு மீற்றர் சென்றால் குளக்கட்டு வந்துவிடும். அதற்கு அப்பால், பற்றைக்காட்டின் ஒரு பகுதியில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நிற்கின்றன.

மார்கழி மாதத்து மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை. அன்று நானும் அங்கே விருந்தினனாக இருந்தேன். பூனையின் புள்ளி குளக்கட்டுக்கு அப்பால் நெடுநேரம் அசையாமல் நின்றதாம். அது எங்கோ சிக்குண்டுவிட்டது என்று அஞ்சிய மருமகன், எவரிடமும் சொல்லாமல், தாயாரின் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த அயலவர் ஒருவர் அவனைக் கண்டபோது, அவன் பலகைகளிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். கண்கள் மண்ணிலும் இல்லை, பலகையிலும் இல்லை, புள்ளியிலேயே இருந்தன. அவர் போட்ட கூச்சலில்தான் நாங்கள் ஓடினோம். தமக்கையார் அவனை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை, குளக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் அவனை விசாரித்தேன். அவன் கலங்காமல் விடை சொன்னான்: "பூனை போன வழிதானே, மாமா? அதுக்கு ஒண்டும் நடக்கேல்லையே!"

சிறுவனின் வாதத்தில் பிழை எங்கே என்று உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. பின்னர் ஆறுதலாக விளக்கினேன். சாம்பனின் எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அவனுடைய எடை இருபத்தைந்து கிலோ. பூனை கடந்த மண் மனிதனைத் தாங்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. மேலும், புள்ளி பூனை நிற்கும் இடத்தையே காட்டுகிறது; அங்கே செல்வதற்குரிய வழியைக் காட்டுவதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவன் கையில் அக்கருவி இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் மிதிவெடிக்குச் சமாதானம் ஏற்பட்ட செய்தி எட்டுவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை தொடங்கி வன்னியின் பல இடங்களில் வெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்து வந்திருக்கின்றனர். அவர்களுள் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் இருப்பது நாம் மறக்கலாகாதது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி விதிக்கப்பட்ட காலவரை 2028 ஜூன். ஆனால், நாட்டுக்குக் காலவரை உண்டு என்பதால் புதைந்த வெடிக்கும் அது உண்டென்று எண்ணலாகாது. மழைவெள்ளம் மண்ணை அரித்து, புதைந்தவற்றை வேறிடத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் உண்டு.

கம்போடியாவில் மகாவா என்ற ஆபிரிக்கப் பெரிய எலி ஒன்று இருந்தது. மிதிவெடியின் மருந்தை மோப்பத்தால் அறியப் பழக்கப்பட்டது அது. எடை ஒன்றேகால் கிலோ அளவே ஆதலால், மிதிவெடி மீது நடந்தாலும் வெடிக்காது. நூற்றுக்கு மேற்பட்ட வெடிபொருள்களைக் கண்டுபிடித்த அந்த எலிக்கு 2020இல் பிரித்தானிய விலங்கு நலச் சங்கமொன்று தங்கப் பதக்கம் வழங்கியது. மணி கட்டத் துணிந்த எலி ஒன்றுமில்லை என்று தொடக்கத்தில் கூறினேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த எலியும் தனியே காட்டுக்குள் ஓடவில்லை. பயிற்சி பெற்ற மனிதரின் கயிற்றில், அவர்கள் குறித்த பாதையிலேயே சென்றது. மருமகனுக்கு நான் சொன்னவற்றுள் அவன் மனத்திற் பதிந்தது இதுவே.

அன்றிரவே அவ்வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. புள்ளி வளவுக்குள் நின்றால் சிறுவன் தேடலாம். குளக்கட்டைத் தாண்டினால் தேடுதல் இல்லை. கருவாட்டுத் தட்டைத் தட்டி அழைத்துவிட்டுக் காத்திருப்பதே முறை. பூனை வராவிட்டாலும் மனிதர் போவதில்லை. சாம்பனோ மறுநாட் காலையில் அடுப்படியில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்தானும் இல்லை.

இனி, பூனையின் பக்கத்தையும் சற்று நோக்க வேண்டும். நாம் அதற்கு அஞ்சுகிறோம்; காடு நம் பூனைக்கு அஞ்சுவதை நினைப்பதில்லை. இலங்கையில் நான்கு வகைக் காட்டுப் பூனையினங்கள் உள்ளன: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. இவற்றுள் துரும்பன் பூனை உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் மட்டுமே வாழ்வது. தடுப்பூசி போடப்படாத வீட்டுப் பூனை இவ்வினங்களுக்கு நோயைக் கொடுக்கக்கூடும். காட்டுப்பூனையோடு கலந்து அதன் இனத்தூய்மையைக் கெடுப்பதும் உண்டு. ஓணான், அணில், குருவி ஆகியவை படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

கழுத்துப்பட்டியின் மெய்யான பயன் இங்கேதான் விளங்கும். கொழும்புச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனைகளுக்கு அன்யா ரத்நாயக்க என்ற ஆய்வாளர் ஜீ.பி.எஸ். பட்டி கட்டியது அவற்றைத் துரத்திப் பிடிப்பதற்காகவன்று. நகரத்தின் நடுவே அவை எவ்வாறு வாழ்கின்றன என்று கற்பதற்காகவே. பிருதிவிராஜ் பெர்னாண்டோ முதலியோர் நம் நாட்டு யானைகளுக்குப் பட்டி கட்டி ஆராய்ந்ததும் அவ்வாறே. புள்ளியைக் கண்டு ஓடுபவன் வேடன். புள்ளிகளைச் சேர்த்துப் படிப்பவன் மாணவன்.

மருமகனும் இப்பொழுது மாணவனாகிவிட்டான். ஒரு கொப்பியில் நாள்தோறும் புள்ளிகளைக் குறித்து வைத்தான். சாம்பன் காட்டுக்குச் செல்வது இரவிலேயே என்பதும், அயல்வீட்டில் மீன் சமைக்கும் நாட்களில் அது காட்டுப்பக்கமே போவதில்லை என்பதும் அதிலிருந்து புலனாயின. 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்தார் கண்டதும் இதற்கு அண்மையதே. இறைச்சி மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 வீதமும், நாள்தோறும் சில நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்டவை கொண்டுவரும் இரை 25 வீதமும் குறைந்தனவாம். எனவே தமக்கையார் மாலையில் மீன் தலைகளைத் தாராளமாக வைக்கிறார்; பொழுது பட்டதும் பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறார். மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடையும் செய்வித்து, விசர்நோய்த் தடுப்பூசியும் போடுவித்தனர். இந்நான்கையும் செய்வதற்குச் செய்மதி வேண்டியதில்லை.

பட்டி வாங்க எண்ணும் நேயர்களுக்கு இரண்டு சொற்கள். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முட்கிளையில் மாட்டினால் இழுத்தவுடன் தானே கழன்றுவிடும் பூட்டு இருக்க வேண்டும். பட்டி தொலைந்தால் வேறு வாங்கலாம். பூனை தூக்கிட்டுக்கொண்டால் என் செய்வது?

புறப்படும் நாளன்று, இவையெல்லாவற்றையும் பேசாது கேட்டிருந்த மருமகனின் அப்பம்மா என்னை அழைத்தார். 2008இல் இடம்பெயர்ந்தபோது அவர் வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை இருந்ததாம். "அது எங்கை எண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும், தம்பி. வீட்டிலைதான் நிண்டது. நாங்கள் எங்கை போறமெண்டுதான் அதுக்குத் தெரியாது" என்றார்.

அதற்கு நான் விடை ஒன்றும் சொல்லவில்லை. பூனை எங்கே போகிறது என்பது பாதிக் கேள்வியே. அதற்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பதே மறுபாதி. மாலையில் கதவருகே தட்டோடு நிற்பவர் ஒருவர் இருக்கும் வீட்டை எந்தப் பூனையும் எளிதில் மறப்பதில்லை.