மஞ்சள் பொன்னாகிய காலம்

யாழ்ப்பாணத்தவன் கணக்கில் வல்லவன் என்பது நெடுநாட் புகழ். மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் கொழும்பின் கந்தோர்களிலும் பேரேடு எழுதியே பேர் பெற்ற மரபு நம்முடையது. அத்தகைய நமது சொந்த வரவு செலவுப் புத்தகத்தை, 2020 ஆம் ஆண்டில் வந்த கொரோனா என்னும் கொள்ளைநோய், அழையாத கணக்காய்வாளன் போல ஒருமுறை புரட்டிப் பார்த்துச் சென்றது. அது இட்டுப் போன சிவப்புக் கோடுகளை நாம் அதற்குள் அழித்துவிட்டோமோ என்பதே எமது ஐயம்.

ஒஸ்திரியா நாட்டில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், இஷ்கிள் என்றோர் ஊர் உண்டு. பனியிற் சறுக்கி விளையாட வருவோர் தரும் பணத்தால் வாழும் ஊர் அது. 2020 மார்ச்சில் அங்கு விளையாட வந்தோர் நோயையும் உடன்கொண்டு ஐரோப்பாவின் பல திசைகளுக்கும் மீண்டனர், ஊர் அடைக்கப்பட்டது. நமக்குப் பனி இல்லை, பனைதான் உண்டு. சறுக்குவதற்கு மலையும் இல்லை. எனினும் நமக்கும் ஒரு பருவம் உண்டு. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாட் திருவிழாவே அது. கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து வருவோரை எதிர்நோக்கிக் கச்சான் விற்பவர் முதல் நகை வணிகர் வரை கணக்குப் போடுவர். 2019 ஒக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அக்கணக்கு மேலும் நீண்டது. ஐந்து மாதத்துள் விமானம் நின்றது; சென்னையிலிருந்து அது மீண்டும் வந்திறங்க 2022 டிசெம்பர் ஆயிற்று. இடையில் வந்த திருவிழாக்கள் கட்டுப்பாடுகளோடு நிகழ்ந்தன. கந்தன் அருளுக்குக் குறைவில்லை. கச்சான் கணக்குத்தான் பொய்த்தது.

2020 மார்ச் 20 ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு விழுந்தது. 1990களின் பொருளாதாரத் தடையிலே சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தவம் கிடந்தவர்களுக்கு வரிசையில் நிற்றல் கைவந்த கலை. சங்கக்கடை வாசலில் ஒருவர்க்கொருவர் ஒரு மீற்றர் விலகி நிற்றல்தான் கைவராத கலையாயிற்று.

அம்மை கண்ட வீட்டுப் படலையில் வேப்பிலை செருகி மஞ்சள் நீர் தெளித்தல் நம் முன்னோர் வழக்கம். புதிய நோய்க்கும் அம்மருந்தே தக்கதென்று ஊர் முழுவதும் மஞ்சளைத் தேடிற்று. அரசோ 2019 இறுதியிலேயே மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2020 ஏப்ரலில் கிலோ ஒன்றுக்கு 750 ரூபா என உச்சவிலை வர்த்தமானியில் வெளியாயிற்று. வர்த்தமானி எளிதிற் கிடைத்தது, மஞ்சள் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அதன் விலை சில ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. ஒருகாலத்திற் சேலையும் பொன்னும் களவாகக் கடந்து வந்த பாக்குநீரிணையில் இப்போது மஞ்சள் மூட்டைகள் வந்தன. கடற்படையினர் துரத்திப் பிடித்தனர். வெளியூரிலிருந்து மஞ்சட் பொட்டலத்தோடு வந்த உறவினர், பவுண் கொண்டுவந்தவர் போல உபசரிக்கப்பட்டார்.

இவையெல்லாம் நம்மை மீறி வந்த செலவுகள். நாமே வலிந்து தேடிக்கொண்ட செலவுகளின் கதை வேறு. கலியாணத்துக்கு இத்தனை பேருக்கு மேற் கூடலாகாது என்று சுற்றறிக்கை வந்தது. ஆயிரம் பேரை அழைத்தால்தான் குடும்ப மானம் நிலைக்கும் என்று காணியை ஈடுவைத்த சமூகம், சில பத்துப் பேரோடு முற்றத்திலே தாலி கட்டி வைத்தது. மண்டபம் இல்லை, மாலைக்கு மாலை உடை மாற்றல் இல்லை, வானிற் பறந்து படம்பிடிக்கும் யந்திரமும் இல்லை. அவ்வாறு மணந்தவர் எவரும் குறைவாக மணந்தவர் ஆகவில்லை. வராத பெரியப்பாமார் கணினித் திரையில் ஆசி வழங்கினர். பந்தியிற் பருப்பு உப்பில்லை என்று சொல்ல அவர்களுக்கு வழியிருக்கவில்லை. நாம் செலவிட்டதிற் பெரும்பகுதி அயலவர் கண்ணுக்கே என்பது, அயலவர் வரமுடியாத காலத்தில் வெளியாயிற்று.

ஆயினும், சிக்கனத்தைப் புகழ்வோர் ஏட்டின் மறுபக்கத்தையும் படித்தல் வேண்டும். ஒருவர் மிச்சம் பிடித்த காசு இன்னொருவர் இழந்த கூலி. தவில்மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த இணுவிலிலும் அவர் வாழ்ந்த அளவெட்டியிலும் மேளத்தை நம்பிய வீடுகள் பல. கோயிற் கொடியேற்றமும் கலியாண முகூர்த்தமும் ஒடுங்கியபோது அவ்வீடுகளின் அடுப்பும் ஒடுங்கிற்று. பந்தற்காரர், சமையற்காரர், பூமாலை கட்டுவோர் நிலையும் அதுவே. ஆதலால், ஆடம்பரத்தை வெட்டுங்கால் உழைப்பவன் கையையும் சேர்த்து வெட்டலாகாது. படப்பிடிப்பு யந்திரத்துக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, நாதசுரக்காரரிடம் நூறு ரூபாவுக்கு வாதிடுவதே நம்மவர் சிக்கனமாயின், அது சிக்கனமன்று, சிறுமை.

2022 இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றது. 2021 முடிவில் 177 ரூபா விற்ற பெற்றோல் மறு ஆண்டு ஜூனில் 470 ரூபா ஆயிற்று. கொட்டிலிற் துருப்பிடித்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் வந்தது, வண்டிகள் கொட்டிலுக்கே மீண்டன. கலியாணங்களும் அவ்வாறே பழைய மண்டபங்களுக்கு மீண்டுவிட்டன.

பழைய மாணவராகிய நாம் ஒன்று செய்யலாம். நம் வீட்டுக் கலியாணத்தில் அழைப்பிதழைப் பாதியாக்குவோம். மேளகாரர்க்கு முழுக்கூலி கொடுப்போம். எஞ்சியதில் ஒரு பங்கை மாணவர் உதவிக்கு ஒதுக்குவோம். பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில், வீட்டிற் கைபேசி இல்லாமையால் மட்டும் பாடத்தை இழந்த பிள்ளைகள் நம் குடாநாட்டில் இருந்தனர். ஒரு பந்தியிற் தேவைக்கு மேல் வைக்கும் பலகாரத்தின் விலை அவர்களில் ஒருவனுக்கு ஓராண்டுப் புத்தகமாகும். மஞ்சள் விலை என்றேனும் இறங்கும். அப்பிள்ளை இழந்த ஆண்டைத் திரும்ப வாங்கச் சந்தை எங்கும் இல்லை.