நீங்களாத்தானே பின் நம்பர் போட்டீங்க?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வங்கியில் கேட்டார்கள், ஸ்டேஷனில் கேட்டார்கள், பெற்ற மகனும் கேட்டான். ஆமாம், நான்தான் போட்டேன். போட வைத்தவனைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லையே!

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கால் மிதித்துப் பிழைத்தவன் நான். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் நாடா வீச வேண்டும்; அதைச் செய்து செய்தே தோள் இற்றுப்போனவள் என் மனைவி. அந்தக் கூலியில் பேத்தி கல்யாணத்துக்கென்று சேர்ந்த 86,000 ரூபாய் ஒரு மதியத்தில் போய்விட்டது.

கூலியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த எங்களைக் கணக்கு திறக்கச் சொன்னது யார்? பாஸ்புக்கோடு போனால், "இதெல்லாம் போன்லயே பாத்துக்கலாமே தாத்தா" என்று அனுப்பியது யார்? போனில் அனுப்பிய பணம் நடுவழியில் நின்றது. உதவி எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணே திருடனுடையது. அதை எவன் அங்கே விட்டு வைத்தான்?

என்ன மரியாதை தெரியுமா அவன் பேச்சில்! வரிக்கு வரி 'சார்'. ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். அதோடு என் திரை முழுக்க அவன் கண்ணுக்குப் போய்விட்டது. "பணம் திரும்ப வரணும்னா பின் போடுங்க சார். லைனை வெக்காதீங்க, வீட்ல யார்கிட்டயும் பேசாதீங்க, சர்வர் கட்டாயிடும்." பணம் வாங்கப் பின் நம்பரே வேண்டாம், அனுப்பத்தான் அது என்பதை, அந்த வசதியை என் தலையில் கட்டியவர்கள் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? இப்படிப்பட்ட செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்ததாம். அந்த எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்?

உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடித்திருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தப் பார்த்திருப்பார்களாம். திருடன் எண் தேடினதும் வருகிறது, 1930 ஏ.டி.எம். மூலையில் கிழிந்த போஸ்டரில் கிடக்கிறது. 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதியை வேறு காட்டுகிறார்கள்: என் கவனக்குறைவால் போனது, நான் புகார் சொல்லும் வரை, என் தலையிலேயாம். கவனக்குறைவா? ஒரு இழை அறுந்தாலும் விரலிலேயே தெரிந்துகொள்கிறவனைப் பார்த்தா இந்தப் பேச்சு!

2023 அக்டோபரில் 'சக்ரா-2' என்று சிபிஐ 76 இடங்களில் சோதனை போட்டதே, அதில் இப்படிக் கம்ப்யூட்டர் சரிசெய்கிறோம் என்று வெளிநாட்டுக்காரர்களை மொட்டையடித்த கும்பல்களும் உண்டு. மைக்ரோசாஃப்டும் அமேசானும் புகார் கொடுத்தன. நல்லது, பிடிக்கட்டும். நெசவாளிக்காகப் புகார் கொடுக்க எந்தக் கம்பெனி இருக்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். என் பணம் போய் விழுந்ததும் ஒரு வங்கிக் கணக்குதானே? கூலி வாங்கக் கணக்கு திறக்க என்னிடம் ஆதார் கேட்டீர்கள், ரேஷன் கார்டு கேட்டீர்கள், போட்டோ கேட்டீர்கள், கையெழுத்து கோணல் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினீர்கள். அவனிடம் என்ன கேட்டீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.