பதினைந்து பெற்றோர் கேட்டால்...

நாளைக்கு நம் தமிழ்ப்பள்ளிக்கு வாத்தியார் எங்கிருந்து வருவார்? "அரசாங்கம் அனுப்பும்" என்று சொல்லிவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம். ஆள் இருந்தால்தானே அனுப்ப முடியும்?

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ தோட்டப் பள்ளியில் வாத்தியாராக நின்றார். அது போதாது என்றுதான் பயிற்சி வந்தது. 2013 முதல் 2025 வரைக்குமான தேசியக் கல்விப் பெருந்திட்டம், தேர்ச்சியில் முன்னணியில் நிற்கும் 30 விழுக்காட்டினரையே ஆசிரியராக எடுக்க வேண்டும் என்றது. நல்ல கொள்கைதான்.

சிக்கல் கீழ்ப்படியில் இருக்கிறது. பயிற்சிக் கழகத்தின் தமிழ்ப் பிரிவுக்குப் போக, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். அதற்கு இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும்.

கேட்டோமா? கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டங்கள் கைமாறி, ஒரே லயத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளியாகச் சிதறினார்கள். இங்கே நாலு பேர், அங்கே ஆறு பேர் என்றால் பதினைந்து எப்படிச் சேரும்?

தஞ்சோங் காராங் வயலைப் பார்த்தவர்கள் நாம். விதைநெல் இல்லாமல் அறுவடை உண்டா?

ஆகவே, பிள்ளையைப் படிவம் ஒன்றில் சேர்க்கும்போதே அக்கம்பக்கத்துப் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ் வகுப்பு வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். நாளைய வாத்தியார் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கட்டும்!