மின்னலைப் படமெடுப்பவர்கள் கவனத்துக்கு

கோடைமழை இறங்கும் சித்திரை மாலைகளிலும் ஐப்பசி அடைமழையிலும் நம் கைப்பேசிகளில் மின்னல் படங்கள் வந்து குவிகின்றன. ஒரே படத்தில் ஐந்தாறு மின்னல்கள் ஊரின் மேல் இறங்கினால் போதும், பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் மிரண்டுபோய்ப் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். மறு சாரார் ஒட்டுவேலை என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தப் படம் எடுக்கப்படும் முறை தெரிந்தால் இரண்டுக்கும் அவசியம் இருக்காது.

மின்னலைக் கண்டு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் இருட்டுதான் பதியும். கண் பார்த்து விரல் அசைவதற்கே ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. பல மின்னல்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. அதனால் இரவில் எடுப்பவர்கள் கேமராவை டிரைபாடில் பூட்டுகிறார்கள். தொலைவில் எரியும் ஏதாவது ஒரு விளக்கைப் பார்த்துக் கையாலேயே ஃபோகஸை நிறுத்துகிறார்கள். ஐஎஸ்ஓவை 100-இல் வைத்து, ஷட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிகள் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மூடியதும் மறுபடி திறக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தில் விழுந்த மின்னல் அத்தனையும் ஒரே படத்தில் சேர்ந்துவிடும். எல்லாம் உண்மையில் விழுந்தவை. ஒரே கணத்தில் விழுந்தவை என்று மட்டும் கொள்ளக் கூடாது. தனித்தனிப் படங்களைக் கணினியில் அடுக்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அதைச் சொல்லித்தான் வெளியிட வேண்டும். ஷட்டர் திறந்திருந்த நேரத்தையும் படத்தின் கீழ் குறிப்பிடும் பழக்கம் வந்தால் நல்லது.

புதிதாக எடுப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஷட்டரை எத்தனை விநாடி திறந்துவைத்தாலும் ஒரு மின்னலின் பிரகாசம் கூடாது. கூடுவது தெருவிளக்கும் கட்டடமும் பின்னாலுள்ள வானமும்தான். மின்னல் கோடு வெளுத்துப் பட்டையாகத் தெரிந்தால் அப்பர்ச்சரை எஃப் 8-இலிருந்து 11-க்குச் சுருக்குங்கள். ஊர் வெளிச்சத்தில் வானம் வெளிறிப்போனால் விநாடிகளைக் குறையுங்கள்.

கைப்பேசி வீடியோவிலிருந்து எடுத்த படங்களில் சில சமயம் மேல்பாதி இருட்டாகவும் கீழ்ப்பாதி பளீரென்றும் இருக்கும். அதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை. கைப்பேசியின் சென்சார் காட்சியை வரிவரியாகத்தான் படிக்கிறது. பாதி வரிகளைப் படித்து முடித்த நேரத்தில் மின்னல் வந்தால் மீதி வரிகளில்தான் வெளிச்சம் ஏறும்.

ஓவியர்கள் நெடுங்காலம் மின்னலைக் கூர்மூலைகளோடு மடக்கி மடக்கித்தான் வரைந்தார்கள். 1882-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் எடுத்த படங்கள், அது கிளைவிட்டு நெளிந்து ஓடுவதைக் காட்டின. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் ஷோன்லாண்ட் குழுவினர், இயற்பியலாளர் பாய்ஸ் வடிவமைத்த தனிவகைக் கேமராவைக் கொண்டு இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். முதலில் மங்கலான ஒரு கோடு மேகத்திலிருந்து படிப்படியாக இறங்குகிறது. அது தரையை எட்டியதும் கண்ணைப் பறிக்கும் ஒளி அதே பாதையில் கீழிருந்து மேலே பாய்கிறது. வெறும் கண்ணால் ஒருபோதும் பிரித்துப் பார்த்திருக்க முடியாத இந்த வரிசையைப் புகைப்படம்தான் பிரித்துக் காட்டியது. இந்தக் கலைமேல் எனக்குள்ள மதிப்புக்குப் பாதிக் காரணம் அதுவே.

அந்த மதிப்போடுதான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: உயிரைப் பணயம் வைத்து எடுக்க வேண்டிய படம் இது இல்லை. ஒளிக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் மின்னல் ஏறக்குறைய 1 கிலோமீட்டரில் விழுந்திருக்கிறது. மேகத்தை விட்டு 10 கிலோமீட்டர் தள்ளியும் அது விழும். ஆகவே இடி காதில் கேட்டாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். கைப்பேசி மின்னலை இழுக்காது; ஆனால் அதைப் பிடித்தபடி மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ உயரமாகத் தனித்து நிற்பதுதான் ஆபத்து. காருக்குள் இருப்பவரைக் காப்பது டயரின் ரப்பர் என்பதும் தவறு. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காரின் உலோகக் கூடுதான் காக்கிறது.

இடி கேட்டதும் மாடியிலிருந்து இறங்கிவிடுங்கள். டிரைபாடை அறைக்குள், சாத்திய ஜன்னலுக்குப் பின்னால், கம்பியைத் தொடாத தூரத்தில் வையுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வாருங்கள்.