கூடம் கோணல் இல்லை ஐயா, மூஞ்சிதான் கோணல்

சென்ற இதழில் வந்த ஸ்லைஸ் பற்றிய கட்டுரையைச் சான்பாடா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி படித்தேன். பன்வேல் வண்டி வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது. கார்கர் மைதானத்தில் எட்டு மணிக்கு ஆட்ட நேரம் வாங்கி வைத்திருந்தவன், வண்டியில் ஏறாமல் தாளையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் இத்தனை தன்னம்பிக்கையோடு இத்தனை தப்புகளை இரண்டே பக்கத்தில் அடுக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கோல்ஃப் ஆடாத வாசகர்களுக்கு ஒரு சிறு முன்குறிப்பு. பெரும்பாலான குழிகளுக்கு முதல் அடி அடிக்கும் நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். வலக்கைக்காரர் அடித்த பந்து ஒழுங்காகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறிய மாப்பிள்ளைபோல வலப்பக்கம் வளைந்து புதருக்குள் ஒளிந்துகொண்டால் அது ஸ்லைஸ். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் உண்டு. எனக்கும் பல வருடம் இருந்தது.

கட்டுரை எழுதிய நண்பரின் வாதம் இதுதான். பழைய டிரைவர் இருந்தவரை அவர் பந்து வளைந்துகொண்டே இருந்தது. அறுபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கினார். கோடை விடுமுறையில் ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் அடித்தபோது பந்து நேராகப் போனது. திரும்பி வந்து கார்கரில் அடித்தால் கொஞ்சம் வளைகிறது. அதற்குக் காரணம் நவி மும்பையின் ஈரமான, கனத்த கடற்காற்று. ஆகவே பந்தின் போக்கைத் தீர்மானிப்பது கருவியே. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிவரும் செம்பூர் கேடிப் பையன்கள் முன்னுக்கு வராததற்கும் நல்ல மட்டை இல்லாததே காரணம்.

ஊட்டியிலிருந்தே தொடங்குவோம். அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மும்பைக் காற்றோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலும் பந்தை ஒரு பக்கமாகத் தள்ளுவது காற்று. 1850களில் ஜெர்மானியரான மாக்னஸ் விளக்கிய விசை அது. காற்று மெலிந்தால் தடையும் குறையும், பக்கவாட்டுத் தள்ளலும் குறையும். அதனால் மலைமேல் எல்லோருடைய பந்தும் நீளமாகப் போகும், குறைவாக வளையும். பழைய மட்டையோடு போயிருந்தாலும் அவருக்கு அதுவே நடந்திருக்கும். ஸ்லைஸ் மலையேறிவிட்டது என்று நினைத்தார் நண்பர். மலையேறியது அவர்தான்.

அடுத்து அந்தக் கனத்த கடற்காற்று. பள்ளிக்கூட வேதியியல் போதும் இதற்கு. நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜன் 32, நீராவி 18. காற்றில் நீராவி புகுந்தால் கனமான மூலக்கூறுகளின் இடத்தை இலேசானது பிடித்துக்கொள்கிறது. ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில் ஈரக்காற்று உலர்காற்றைவிட எடை குறைந்தது. சட்டை முதுகில் ஒட்டுவதால் நமக்குக் காற்று கனமாகத் தோன்றுகிறது. பந்துக்குச் சட்டை கிடையாது. மழைக்காலத்தில் தூரம் குறைகிறதே என்றால், நனைந்த புல்லில் விழுந்த பந்து உருளாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பறக்கும் பந்தின் வளைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி வாதத்தின் அடிவயிறு. மட்டை வீசப்படும் பாதையில் பந்து கிளம்பும், பிறகு மூஞ்சி பார்க்கிற பக்கம் வளையும் என்று எழுதியிருக்கிறார். மூஞ்சி என்ற சொல் என்னுடையது. மட்டையில் பந்தைத் தொடும் பரப்பைத்தான் சொல்கிறேன். பல பத்தாண்டுகள் பயிற்சியாளர்கள் ஒருவருக்கொருவர் ஒப்பித்து வந்த பாடம் இது. தலைகீழ்ப் பாடம். காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இரண்டு பிரிட்டன்காரர்கள் 1968-இலேயே புத்தகம் போட்டு இதைத் திருத்திவிட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு டென்மார்க்கிலிருந்து டிராக்மேன் என்ற ரேடார் கருவி வந்து, பந்தையும் மட்டையையும் அளந்து காட்டியபோதுதான் உலகம் ஒப்புக்கொண்டது. டிரைவரில் பந்து கிளம்பும் திசையை ஏறக்குறைய 85 சதவீதம் மூஞ்சிதான் முடிவு செய்கிறது. பாதையின் பங்கு மிச்சம் மீதி. மூஞ்சிக்கும் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசம் பந்தின் சுழல் அச்சைச் சாய்க்கிறது. விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதுபோல, சாய்ந்த அச்சோடு பறக்கும் பந்தும் அந்தப் பக்கம் திரும்புகிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று வாசகர் நினைக்க வேண்டாம். பந்து வலப்பக்கம் போனால் இன்னும் இடப்பக்கம் குறி வைத்து, இன்னும் இடப்பக்கமாக வீசுங்கள் என்று கட்டுரையில் அறிவுரை வேறு சொல்லியிருக்கிறார். பாதை இடப்பக்கம் போகப் போக, திறந்து கிடக்கும் மூஞ்சிக்கும் பாதைக்கும் இடைவெளி கூடும். வளைவு இரட்டிப்பாகும். பத்து மாதம் இந்த வைத்தியத்தைச் செய்தவர் கார்கர் குன்றுகளுக்குப் பந்து தானம் செய்யும் வள்ளலாகிவிடுவார்.

மூஞ்சி ஒரே ஒரு பாகை தப்பினாலும், வளைவைக் கணக்கில் சேர்க்காமலே, 200 மீட்டரில் பந்து மூன்றரை மீட்டர் விலகும். ஐந்து பாகை தப்புகிறவருக்கு எத்தனை என்று நண்பரே பெருக்கிக்கொள்ளட்டும். பந்தும் மூஞ்சியும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் கையால் எதையும் சரி செய்ய முடியாது. அடித்து முடித்தபிறகு இடுப்பை முறுக்கி, பல்லைக் கடித்து, பந்தை இடப்பக்கம் இழுக்க நாம் எல்லோரும் ஆடுகிறோமே, அந்தத் தாண்டவத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

புதிய டிரைவர் என்னதான் செய்கிறது? நியாயமாகப் பேசுவோம். பெர்சிமன் மரக்கட்டையில் தலை செய்த காலம் போய், 1979-இல் டெய்லர்மேட் உலோகத் தலையைக் கொண்டுவந்தது. 1991-இல் கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வந்தது. தலை வீங்கிக்கொண்டே போனது. 460 கன செண்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. பெரிய தலையில் எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்ட அடியிலும் தலை குறைவாகத் திருகும். இது உண்மையான உதவி. ஆனால் நாமே திறந்து கொண்டுவந்து நிறுத்திய மூஞ்சியை அது மூடிவிடாது. திறந்த மூஞ்சியின் நட்டநடுவில் பந்து பட்டாலும் அழகான, சுத்தமான, நீளமான ஸ்லைஸ்தான் வரும்.

டிரைவரின் மூஞ்சியை விரலால் தடவிப் பார்த்தால் தட்டையாக இருக்காது, லேசாகப் புடைத்திருக்கும். மரக்கட்டைக் காலத்துக் கைவினைஞர்கள் கண்டுபிடித்த தந்திரம் இது. காம்புக்குப் பக்கத்தில் பந்து பட்டால், தலை திருகி, பல்சக்கரம் போலப் பந்தை எதிர்ப்பக்கம் உருட்டி வலப்பக்கச் சுழல் கொடுக்கும். நுனியில் பட்டால் இடப்பக்கச் சுழல். பந்தை முதலில் மறுபக்கமாகக் கிளப்பி, வளைந்து நடுவுக்கே வர வைக்கத்தான் அந்தப் புடைப்பு. நண்பர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கருவியை இத்தனை காதலிப்பவர் அதன் மூஞ்சியை ஒருமுறை தடவிப் பார்த்திருக்கலாம்.

நகர்த்தக்கூடிய எடைத் திருகுகள் ஸ்லைஸைத் தீர்த்துவிடும் என்கிறார். சில கிராம் எடையைக் காம்புப் பக்கம் தள்ளினால் பந்து சில மீட்டர் இடப்பக்கம் வரும், மறுக்கவில்லை. முப்பது மீட்டர் வளைகிறவருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தூரமும் அப்படித்தான். மூஞ்சி எவ்வளவு துள்ளலாம் என்பதற்கே விதி உச்சவரம்பு வைத்துப் பல வருடமாகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புது மட்டைக்குப் பத்து கெஜம் கூடுதல் என்று விளம்பரம் வருகிறது. அத்தனையும் உண்மையென்றால் கார்கரில் அடித்த பந்தைப் பன்வேலில் போய்ப் பொறுக்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்லைஸுக்காக நானும் இரண்டு டிரைவர் வாங்கி, இரண்டையும் பரணில் ஏற்றியவன். கடைசியில் என் கண்ணைத் திறந்தது ஒரு கேடி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. நான்கு அடி பார்த்தார். "சார், மட்டைய மாத்தாதீங்க. மூஞ்சி தொறந்து கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டு, என் இடது கையைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தார். மேலிருந்து பார்த்தால் இரண்டு முட்டிகளாவது தெரிய வேண்டும் என்றார். ரேடாரும் இல்லை, டென்மார்க்கும் இல்லை.

அதனால்தான் கேடிகளைப் பற்றிய அந்தக் கடைசிப் பத்தி என்னைச் சுட்டது. செம்பூரில் பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப் 1927-இலிருந்து இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிகளில் வளர்ந்த கேடிகள் இரும்புக் கம்பியை வளைத்து மட்டை செய்து, பிளாஸ்டிக் பந்தைச் சந்துகளில் அடித்து ஆடியதை உலகப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. கயிற்றுக் கட்டில் அகலச் சந்தில் ஸ்லைஸ் அடித்தால் பக்கத்து வீட்டுக் குழம்புச் சட்டியில் பந்து விழும். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பியின் மூஞ்சியை நேராகக் கொண்டுவரக் கற்றது அந்தப் பள்ளியில். இந்தியன் ஓப்பன் போட்டியை 1991-இல் முதன்முதலாக வென்ற இந்தியர் அலி ஷேர் கேடியாக இருந்தவர். 2009-இல் அதை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான்.

இந்தப் பையன்களுக்குக் குறைவது அறுபதாயிரம் ரூபாய் டிரைவர் அல்ல. பை தூக்கும் புல்லில் ஆடக் கிடைக்கும் நேரம், உறுப்பினர் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர் போகும் ரயில் செலவு, ஆடப் போனால் போகும் அன்றைய கூலி. இதையெல்லாம் மட்டைக் கணக்கில் எழுதிவிட்டால் கிளப்புகளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நண்பரின் வாதம் பணமிருப்பவனுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு கொடுக்கிறது. இல்லாதவனிடம் உனக்கு வழியே இல்லை என்கிறது.

கருவிக்கு வேலை உண்டு. எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன், கட்டுரை தொடாமல் விட்ட இடம் அது. சில வருடங்களுக்கு முந்தைய கணக்கின்படி, அமெரிக்கத் தொடரில் ஆடும் ஆண் தொழில்முறை வீரர்கள் டிரைவரைச் சராசரியாக மணிக்கு 113 மைல் வேகத்தில் வீசினார்கள். பெண் வீராங்கனைகளுக்கு ஏறக்குறைய 94 மைல். அந்த வேகத்திலேயே பந்தைக் காற்றில் 218 கெஜம் அனுப்பினார்கள். மட்டை மேலேறும்போது பந்தைத் தொடுவதும், பந்து 13 பாகைக்கு மேல் உயர்ந்து கிளம்புவதும்தான் ரகசியம். நம் வயதில் 85 மைல் வந்தாலே பெரிய விஷயம். நமக்கு மாதிரி அந்தப் பெண்கள்தான். நண்பரோ தொலைக்காட்சியில் வரும் ஆண் வீரரைப் பார்த்து 9 பாகை சாய்வு மூஞ்சி வாங்கியிருக்கிறார். சாய்வு 12 பாகையாக இருந்தால் பந்து உயர்ந்து கிளம்பும், பின்சுழல் கூடும், அதே தப்புக்கு அச்சு குறைவாகச் சாயும், வளைவும் குறையும். விலை ஒன்றுதான். கருவிதான் எல்லாம் என்று எழுதியவர் கருவியையும் தப்பாகவே வாங்கியிருக்கிறார்.

ஒரு யோசனை. வரும் ஞாயிறு காலை ஆறரைக்குக் கார்கருக்கு வாருங்கள். செம்பூர் சேடா நகர் முருகன் கோவில் விபூதி ஒரு பொட்டலம் நான் கொண்டு வருகிறேன். உங்கள் டிரைவர் மூஞ்சியில் மெல்லியதாகப் பூசிப் பத்து அடி அடிப்போம். பந்து பட்ட இடத்தில் விபூதி அழிந்து வட்டம் தெரியும். நடுவிலா, காம்பிலா, நுனியிலா என்று அதுவே சொல்லிவிடும். பிறகு என் பரணில் கிடக்கும் பழைய டிரைவரால் நீங்கள் இன்னொரு பத்து அடி அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே புதருக்குள் போனால், பந்து தேட நானும் கூட வருகிறேன்.