கறையானா, எறும்பா?

ஆனேக்கல் பட்டுத் தறிகளின் ஊர். சந்தாபுரா பக்கம் இப்போது எழும் புதிய வீடுகள் பலவற்றில் கார் நிறுத்த நிலத்தடித் தளம் உண்டு. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் கசியும்; கூடவே ஊர்வனவும் வரும். 'இது என்ன?' என்று யாரும் கேட்பதில்லை. 'மருந்து எங்கே?' என்றுதான் குரல் எழுகிறது.

அடையாளம் காண ஒரு பூதக்கண்ணாடி போதும். வெள்ளி மினுமினுப்பு, வாலில் மூன்று இழை என்றால் புத்தகப் பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சி. கணுவுக்கு ஒரு ஜோடிக் கால் இருந்தால் பூரான், கடிக்கும். பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை, கடிக்காது. ஏழு ஜோடிக் காலோடு, தொட்டால் உருண்டையாகச் சுருள்வது பூச்சியே அல்ல. நண்டு, இறாலின் உறவு. கடைசி இரண்டும் சொல்லும் சேதி ஒன்றுதான்: வீட்டில் ஈரம் இருக்கிறது. கசிவை அடைத்தால் அவை தாமாகவே குறையும்.

பயப்பட வேண்டியது கறையானுக்குத்தான். மழை முடிந்ததும் ஈசல் பறக்கும். இறகு முளைத்த எறும்பும் பறக்கும். நான்கு இறகும் ஒரே நீளம், உணர்கொம்பு நேர், இடுப்பு பருமன் என்றால் ஈசல். முன்னிறகு நீளம், உணர்கொம்பு முழங்கைபோல் மடிப்பு, இடுப்பு ஒடுக்கம் என்றால் எறும்பு. எறும்பைக் கறையான் என்று நினைத்தால் தரையைத் துளைத்து வீணாக நஞ்சு ஊற்றுவோம். கறையானை எறும்பு என்று விட்டுவிட்டால் கதவு நிலை செல்லரித்துப் போகும்.

தொல்காப்பியத்தின் மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்களாக ஒரே வரிசையில் வைக்கிறது. அது புலன்களை எண்ணிய கணக்கு, குலத்தை அல்ல. ஆங்கிலேயரோ கறையானுக்கு 'வெள்ளை எறும்பு' என்றே பெயரிட்டார்கள். மரபணுக்களை ஒப்பிட்டு 2007இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு: கறையான், கூட்டமாக வாழும் கரப்பான் இனம். எறும்போ குளவியின் உறவு.

மருந்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. காற்றோட்டமில்லாத தளத்தில் அடித்தால் அங்கேயே தங்கி, விளையாடும் குழந்தையின் மூச்சிலும் கலக்கும். பட்டுப்புழுவும் பூச்சிதான், மல்பெரி இலையில் மருந்து பட்டால் அது பிழைக்காது. பட்டு விவசாயிகளுக்கு இது பாலபாடம்.

சந்தேகமா? ஒன்றைப் பிடித்து ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். பெங்களூரில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹெப்பாலில் பூச்சிகளுக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. முதலில் பெயர் தெரியட்டும். மருந்து பிறகு.